தலைமை கற்பிக்கத்தக்கதா? கல்லூரிக் கல்வியும் தலைமையின் அறமும்

கல்லூரி மாணவர்களிடம் மேலாண்மைத் திறனையும் தலைமைப் பண்பையும் வளர்க்க வேண்டும் என்பது இன்றைய உயர்கல்வியில் எவரும் மறுக்காத குறிக்கோளாகிவிட்டது. மேலாண்மை என்பது கையிலுள்ள ஆள், பொருள், காலம் ஆகியவற்றைத் திட்டமிட்டுப் பகிர்ந்து ஒரு வேலையைக் குறித்தபடி முடிக்கும் ஆற்றல். தலைமை என்பது எந்த வேலை முடிக்கத்தக்கது என்பதைத் தேர்ந்து, அதன்பொருட்டுப் பிறர் தம் மனம் ஒப்பி உடன்வரும்படி நடந்துகொள்ளும் பண்பு. பாடத்திட்டங்களில் இவ்விரண்டும் ஒரே தொடராக எழுதப்படுவதால் ஒரே இனத்தைச் சேர்ந்தவை போலத் தோன்றினாலும், முன்னது கருவியைப் பற்றியது, பின்னது நோக்கத்தைப் பற்றியது. கருவியைக் கற்பிக்கும் முறையாலேயே நோக்கத்தையும் கற்பித்துவிடலாமா என்று கேட்கத் தொடங்கும்போது, இது கல்வியியலின் எல்லையைக் கடந்து மெய்யியலுக்குள் நுழைந்துவிடுகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் பிளேட்டோ தம் ‘மெனோ’ உரையாடலில் எழுப்பிய கேள்வியும் இதுவே: நற்பண்பு கற்பிப்பதால் வருவதா, பழக்கத்தால் வருவதா, பிறவியிலேயே அமைவதா?

மும்பையில் தமிழர் செறிந்து வாழும் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளும் இக்கேள்வியை ஆராய்வதற்கு மிகவும் ஏற்றவை. 1887இல் நிறுவப்பட்டு 1923இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்த வி.ஜே.டி.ஐ. தொழில்நுட்பக் கல்லூரி, 1932இல் தென்னிந்தியக் குடியேறிகளின் முயற்சியால் அங்கே உருவான தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1937இல் தொடங்கிய ருயா கல்லூரி, 1977இல் தோன்றிய வெலிங்கர் மேலாண்மைக் கல்வி நிறுவனம் ஆகியவை மாட்டுங்காவைக் கல்விநகராக்கின. செம்பூரில் 1962இல் விவேகானந்தர் பெயரால் அமைந்த கல்விச் சங்கமும், அதையடுத்த தேவ்நாரில் 1954 முதல் இயங்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனமும் அவ்வாறே அப்பகுதிக்கு அடையாளமாயின. மும்பைப் பல்கலைக்கழகம் 1999இல் பி.எம்.எஸ். என்னும் மேலாண்மை இளநிலைப் பட்டத்தைத் தொடங்கியபின் பள்ளிப்படிப்பை முடித்த உடனேயே மேலாண்மை பயிலும் வாய்ப்பு பரவலாயிற்று. மாட்டுங்காக் கல்லூரிகளுக்கு நடந்தே செல்லும் தொலைவில் தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்கள் முதல், விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் கொண்டுசென்று விற்பவர்கள் வரை, எந்த மேலாண்மைப் பட்டமும் இன்றித் தொழிலையும் குடும்பத்தையும் தெருவையும் நிர்வகிக்கும் மக்கள் அங்கே வாழ்கிறார்கள்.

திறனும் அறமும்

தலைமையை வெறும் திறனாகக் கருதுவோர் பேச்சாற்றல், குழு அமைத்தல், முடிவெடுத்தல், பூசல் தீர்த்தல் என்று அதன் கூறுகளைப் பட்டியலிடுகிறார்கள். இக்கூறுகள் தேவையானவைதாம், ஆயினும் எத்திறனும் தன்னளவில் எந்த நோக்கத்தையும் சாராதது, நன்மைக்கும் தீமைக்கும் ஒரே தேர்ச்சியுடன் பயன்படக்கூடியது. மும்பைத் தமிழரின் அண்மைக்கால வரலாறு இதற்கு இரண்டு சான்றுகளை அருகருகே தருகிறது.

ஒருவர் வரதராஜ முதலியார். ரயில் நிலையத்தில் சுமைதூக்கியாக வாழ்க்கையைத் தொடங்கி, கள்ளச்சாராயத்தாலும் கடத்தலாலும் செல்வமும் செல்வாக்கும் பெற்றவராக அறியப்பட்ட அவர், தாராவி, மாட்டுங்கா பகுதிகளில் தம்மை நாடிவந்த தமிழ்க் குடும்பங்களுக்கு உதவினார், வழக்குத் தீர்த்தார், மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே ஆண்டுதோறும் பெரும் விநாயகர் பந்தல் அமைத்தார். 1987இல் வெளிவந்த ‘நாயகன்’ திரைப்படம் அவர் வாழ்க்கையைத் தழுவியது என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. காலமறிந்து செயற்படுவதிலும், இடமறிந்து ஆளை நிறுத்துவதிலும், சுற்றத்தைப் பேணுவதிலும் அவருக்கிருந்த தேர்ச்சியை மறுக்க இயலாது.

மற்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1960களில் பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்த அவர், செம்பூருக்குக் கிழக்கே மான்கூர்ட் பகுதியிலிருந்த ஜனதா காலனி என்னும் குடிசைப்பகுதியில் வாழ்ந்தார். குப்பையை அகற்ற நகராட்சி வராதபோது, அப்பகுதிப் பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைப் பொதிந்து எடுத்துச்சென்று நகராட்சி அலுவலகத்திலேயே போடவைத்தது அவருடைய தொடக்கச் செயல்களுள் ஒன்று. அணுஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்காக ஜனதா காலனியை அகற்றும் முயற்சியை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடியும், நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், அக்குடியிருப்பு இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டனர். இதற்கிடையே 1974இல் அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு நாடெங்கும் பரவியது. 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்கு வழங்கப்பட்டன.

இருவருமே ஏட்டுக்கல்வி மிகுதியாகப் பெறாதவர்கள், இருவருமே வெறுங்கையுடன் வந்து ஆயிரக்கணக்கானோரைத் தம் சொல்லுக்குச் செவிசாய்க்கச் செய்தவர்கள். திறன்களின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மதிப்பிடுவோர் இவர்களுக்கிடையே வேறுபாடு காண்பது அரிது. வேறுபாடு புலப்பட வேண்டுமாயின், தலைவரைப் பார்க்கும் பார்வையை அவரைப் பின்பற்றியவர்கள்மேல் திருப்ப வேண்டும். முதலாமவரைச் சூழ்ந்தோர் அவருடைய தயவை எதிர்பார்த்து நிற்பவர்களாகவே இருந்தனர். 1980களில் அவர் மும்பையை விட்டுச் சென்று 1988இல் சென்னையில் இறந்தபோது, அவர் வழங்கிய நீதியும் உதவியும் அவருடனேயே முடிந்தன. இரண்டாமவருடன் இயங்கியோர் தம் குடியிருப்பைத் தாமே கணக்கெடுக்கவும், அதிகாரிகள் எதிரே அமர்ந்து பேசவும், சேமிப்பைத் தாமே நிர்வகிக்கவும் கற்றனர். 2018 அக்டோபரில் அவர் மறைந்தபின்னும் கூட்டமைப்பு இயங்குகிறது. ஆகவே தலைமையின் உரைகல் தலைவரின் ஆற்றலில் இல்லை. அவரைப் பின்பற்றியவர்கள் என்ன ஆனார்கள் என்பதில் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால், தலைமை என்பது திறன்களின் தொகுப்பு என்ற நிலையிலிருந்து மாறி, திறனை யாருக்காக, எந்த எல்லைக்குள் பயன்படுத்துவது என்று ஆளும் அறமாகிறது.

திருக்குறளின் அமைப்பு தரும் விடை

திருக்குறளின் 133 அதிகாரங்களுள் சரிபாதிக்கும் மேலானவை, அதாவது 70 அதிகாரங்கள், பொருட்பாலைச் சேர்ந்தவை; அவற்றுள்ளும் முதல் 25 அதிகாரங்கள் அரசனுக்குரிய பண்பையும் செயலையும் பேசுகின்றன. தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து வரும் அதிகாரங்கள் இன்றைய மேலாண்மைப் பாடநூலின் பொருளடக்கத்தோடு பெரிதும் ஒத்திருப்பதால், நிர்வாகப் பயிலரங்குகளில் இவை அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. தகுதியறிந்து பொறுப்பை ஒப்படைத்தல் குறித்த வள்ளுவரின் கருத்து அவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. ஆனால் இந்த அதிகாரங்கள் நூலில் எங்கே நிற்கின்றன என்பதும் அவற்றின் பொருளில் அடங்கியதே. நடுவுநிலைமை, அடக்கமுடைமை, பொறையுடைமை, வாய்மை, வெகுளாமை உள்ளிட்ட அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் கடந்த பின்னரே கற்போர் அரசனைப் பேசும் இறைமாட்சி அதிகாரத்துக்கு வந்துசேர்கிறார். அறத்துப்பாலை விலக்கிவிட்டு வலியறிதலையும் காலமறிதலையும் மட்டும் கற்பித்தால், வள்ளுவர் பெயரால் வரதராஜ முதலியாரையும் உருவாக்க முடியும்.

அரசனுக்குச் சொன்னது இன்றைய குடியாட்சியில் வாழும் மாணவருக்கு எவ்வாறு பொருந்தும் என்று கேட்கலாம். இக்கேள்விக்கான விடை, தலைமை பிறவியிலேயே அமைவது என்னும் வாதத்துக்கும் விடையாகிறது. பழந்தமிழகத்தில் அரசுரிமை பிறப்பால் வந்தது. தலைமைக்குப் பிறப்பே போதுமானதாயின், பிறப்பாலேயே தலைவனாகிவிட்டவனுக்கு 25 அதிகாரங்களில் அறிவுறுத்த வேண்டிய தேவை இருந்திராது. பட்டத்தைப் பிறப்பு தரலாம், தகுதியைப் பயிற்சியே தரும் என்பதே அவ்வமைப்பின் உட்கிடை. இருபதாம் நூற்றாண்டு மும்பையில் இதே நம்பிக்கையுடன் செயற்பட்டவர் அம்பேத்கர். 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகவும், 1935இல் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகவும் பொறுப்பேற்று, 1946இல் சித்தார்த்தா கல்லூரியை நிறுவிய அவர், தம் வாழ்வின் இறுதி ஆண்டாகிய 1956இல் அரசியலில் நுழைவோருக்கென்றே ஒரு பயிற்சிப்பள்ளியைத் தொடங்கினார். தம் சொந்த முயற்சியால் உயர்ந்த ஒருவர், தம்மைப் போல மற்றவரும் தாமாகவே உயரட்டும் என்று விட்டுவிடாமல், தலைமைக்குக் கல்வி வேண்டும் என்று கருதியது கவனத்துக்குரியது.

இளமையின் குறையும் கேட்டலின் பயனும்

கல்லூரி மாணவரைப் பொறுத்தவரை வலிமையான மறுப்பு அரிஸ்டாட்டிலிடமிருந்து வருகிறது. நடைமுறை மெய்யறிவு, அதாவது குறிப்பிட்ட சூழலில் குறிப்பிட்ட மனிதருக்கு எது நன்மை என்று தேர்ந்து செயற்படும் அறிவு, அனுபவத்தால் மட்டுமே விளையும் என்றும், ஆதலால் இளைஞர்கள் கணிதத்தில் வல்லவராகலாமே அன்றி இவ்வறிவில் தேர்ந்தவராவது அரிது என்றும் அவர் கருதினார். பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைந்து இருபத்தொன்றில் பட்டம் பெற்று வெளியேறும் ஒருவருக்கு இந்த அனுபவத்தை எங்கிருந்து தருவது? நிறுவனங்களின் வெற்றி தோல்விகளை எழுத்து வடிவில் படித்து விவாதிக்கும் நிகழ்வாய்வு முறை ஓரளவு உதவுகிறது. ஆயினும் அதில் தவறான முடிவெடுத்தவருக்கு எந்த இழப்பும் நேர்வதில்லை, அம்முடிவால் பாதிக்கப்பட்டவர் எதிரே வந்து நிற்பதுமில்லை.

அரிஸ்டாட்டில் சுட்டிய குறையைத் தமிழ் மரபும் அறிந்திருந்தது, அதற்கு ஒரு வழியையும் காட்டியது. கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தையும், சற்றுப் பின்னர்ப் பெரியாரைத் துணைக்கோடலையும் வள்ளுவர் வைத்திருக்கிறார். தனக்கில்லாத அனுபவத்தை, அது உள்ளவரிடம் பணிந்து கேட்பதால் ஒருவர் ஓரளவு ஈடுசெய்யலாம் என்பதும், தன்னை இடித்துரைக்கும் துணை இல்லாத ஆட்சியாளன் பகைவர் எவரும் இல்லாமலே கெடுவான் என்பதும் அவ்வதிகாரங்களின் கருத்து. நல்ல அரசன் கேட்கக் கசப்பான உரையையும் தாங்கிக்கொள்ளும் இயல்புடையவன் என்று இறைமாட்சி கூறுவதையும் இவற்றுடன் சேர்த்துப் பார்த்தால், பேசுவதைவிடக் கேட்பதே தலைமையின் முதற்பயிற்சி என்பது தெளிவாகும். மேடைப்பேச்சுக்கும் குழுவிவாதத்துக்கும் போட்டிகள் நடத்தும் கல்லூரிகள், கேட்கும் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவது அரிதாகவே இருக்கிறது.

யாரிடம் கேட்பது என்பதே அடுத்த கேள்வி. அறத்தை உணர்ந்து முதிர்ந்த அறிவுடையவரைத் துணைகொள்ளுமாறு குறள் கூறுகிறதே தவிர, அவர் பட்டமோ பதவியோ உடையவராக இருக்க வேண்டும் என்று கூறவில்லை. அத்தகையவரை மும்பையின் நடைபாதைகளிலும் காணலாம். 1984இல் ஷீலா படேல் உள்ளிட்டோர் தொடங்கிய ஸ்பார்க் அமைப்பு, 1985இல் நடைபாதைவாசிகளை அவர்களின் பங்கேற்புடன் கணக்கெடுத்தது. அதன் தொடர்ச்சியாக நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் ஒன்றுகூடி மகிளா மிலன் என்னும் சேமிப்பு அமைப்பை உருவாக்கினர். நாள்தோறும் வீடுவீடாகச் சென்று கிடைத்த காசைச் சேகரித்த அப்பெண்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறம் என வண்ணக் காகிதத் துண்டுகளைப் பையிலிட்டுக் கணக்கு வைத்தனர். பணத்தைவிட அந்த அன்றாடச் சந்திப்பே அவ்வமைப்பின் உயிர்நிலையாக இருந்தது. எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் வேலையிழப்பு என்பதை அறிந்த பிறகே யாருக்கு எவ்வளவு கடன் என்பது முடிவாயிற்று. நிதி மேலாண்மை பயிலும் மாணவர் ஒருவர் இத்தகைய பெண்ணிடம் ஆறு மாதம் உடன்சென்று கற்றாரெனில், அரிஸ்டாட்டில் இளைஞரிடம் இல்லை என்று கூறிய அறிவின் தொடக்கத்தையேனும் பெற்றுவிடுவார். அவரைப் பொறுத்தவரை அப்பெண்ணே குறள் கூறும் பெரியார்.

தொண்டு என்னும் முரண்

தலைமையும் தொண்டும் ஒன்றே என்னும் கருத்தை 1970இல் அமெரிக்கரான ராபர்ட் கிரீன்லீஃப் தம் கட்டுரையால் மேலாண்மைத் துறையில் பரவச் செய்தார். தொண்டர் தலைமை என்னும் அக்கொள்கை இன்று பல பாடத்திட்டங்களில் இடம்பெறுகிறது. தமிழ்ச் சைவ மரபு இக்கருத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வாழ்ந்துகாட்டியது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு பெரும் சமய இயக்கத்தின் தலைவராக விளங்கிய திருநாவுக்கரசர், கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரப்படையைக் கையிலேந்தியவராகவே இன்றும் வணங்கப்படுகிறார். திருப்பூந்துருத்தியில் தம்மைவிட மிக இளையவரான திருஞானசம்பந்தரின் பல்லக்கைச் சுமப்போருடன் ஒருவராய், எவரும் அறியாமல் அவர் தோள்கொடுத்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. அந்நூலை இயற்றிய சேக்கிழார் சோழப் பேரரசின் அமைச்சர் என்பதும் எண்ணத்தக்கது: நாட்டை நிர்வகித்த ஒருவர் தம் பெருநூலுக்கு அரசரின் வெற்றியைப் பொருளாகக் கொள்ளாமல், குயவரும் வண்ணாரும் வேடரும் மீனவரும் அடங்கிய தொண்டர் கூட்டத்தைப் பொருளாகக் கொண்டார்.

ஆயினும் இங்கே ஒரு முரண் எழுகிறது. தொண்டு செய்பவரே தலைவராவார் என்று மாணவருக்குக் கற்பித்தால், தலைவராவதற்காகத் தொண்டு செய்ய அவர் முற்படுவார். அவ்வாறு முற்படும் கணத்திலேயே தொண்டு தன் தன்மையை இழந்து, முதலீடாக மாறிவிடுகிறது. பல்லக்கைச் சுமந்த திருநாவுக்கரசர் அதைத் தம் பெருமைக்கான வழியாகக் கருதியிருந்தால், மறைந்து நின்று சுமந்திருக்கமாட்டார். கல்லூரிகளில் இம்முரண் வெறும் கோட்பாட்டளவில் நிற்பதன்று. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ்., ஈராண்டுகளில் 240 மணி நேரத் தொண்டையும் ஒரு சிறப்பு முகாமையும் வரையறுத்திருக்கிறது. தன்னினும் பிறரை முன்வைப்பதே அதன் குறிக்கோள். அத்தகைய திட்டத்திலும், சான்றிதழும் கருணை மதிப்பெண்ணும் கிடைப்பதால் மட்டும் சேர்வோர் உண்டு என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர்.

பகவத்கீதை இம்முரணை இரண்டு கருத்துகளால் அணுகுகிறது. ஒன்று, செயலின் பயனில் பற்று வையாமல் செயலாற்றுதல். மற்றொன்று, மூன்றாம் அத்தியாயத்தில் வரும் லோகசங்கிரகம், அதாவது தனக்கென எதுவும் வேண்டாதவரும் உலகம் சிதறாமல் ஒன்றாய் நிலைபெறும்பொருட்டுச் செயலாற்றுதல். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பற்றின்மை என்பது தொடங்கும்போதே இருக்க வேண்டிய தகுதி என்று கொள்ளாமல், செயலினூடே அடையப்படும் நிலை என்று கொள்ள இடமிருக்கிறது. மதிப்பெண்ணுக்காக வந்த மாணவர், வந்த இடத்தில் தம்மை நம்பி ஒரு குழந்தை நாள்தோறும் பாடப்புத்தகத்துடன் காத்திருப்பதைக் காணும்போது, வந்த நோக்கம் மெல்ல மறைந்து, காத்திருக்கும் குழந்தையே நோக்கமாகிவிடக்கூடும். எந்தக் கல்லூரியும் மாணவரின் உள்நோக்கத்தைத் தூய்மையாக்க இயலாது. தூய்மையற்ற நோக்கத்துடன் நுழைந்தவரும் மாறுவதற்குரிய சூழலை அமைத்துத்தர இயலும். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் முகாமில் இம்மாற்றம் நிகழ்வது அரிது என்பதால், கால நீட்சி இதற்கு இன்றியமையாதது.

ஏழையர் கருவியாகலாமா?

இதுவரை கூறியதன்மேல் ஒரு கடுமையான அறக்கேள்வியை எழுப்பலாம், எழுப்பவும் வேண்டும். எந்த மனிதரையும் மற்றொருவரின் நோக்கத்துக்கு வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்பது ஜெர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் வகுத்த நெறி. கல்லூரி மாணவர் தம் தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வதற்குத் தாராவி மக்களின் வறுமை பயிற்சிக்களமாவது, அம்மக்களைக் கருவியாக்குவதாகாதா? படமெடுத்து, படிவம் நிரப்பி, அறிக்கை எழுதி முடித்தபின் மீண்டும் அத்தெருவுக்கு வராதவர்களைப் பற்றிய கசப்பு அங்கே ஆழமாக இருக்கிறது. அது நியாயமான கசப்பு.

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, கொடுப்போர் ஒருபுறமும் பெறுவோர் மறுபுறமும் நிற்பதாகக் கொள்ளும் பார்வையே இன்றைய மும்பைக்குப் பொருந்துவதில்லை. தாராவியின் ஒற்றையறை வீடுகளிலிருந்து அருகிலுள்ள சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்து படிக்கும் தமிழ் மாணவர்கள் பலர்; வகுப்பறையில் அருகமர்ந்திருக்கும் அவர்களிடமே கூட்டு நிர்வாகத்தின் நடைமுறை அறிவு இருக்கிறது. பொதுக்குழாயில் தண்ணீர் வரும் குறுகிய நேரத்தை இருபது குடும்பங்கள் பூசலின்றிப் பகிர்ந்துகொள்வதைச் சிறுவயது முதல் கண்டு வளர்ந்தவர், பற்றாக்குறையுள்ள வளத்தைப் பங்கிடுதல் பற்றி ஆசிரியருக்கும் கற்பிக்கத்தக்கவர். இதைக் கல்லூரி அறிந்து ஏற்றுக்கொள்ளும்போது, அம்மாணவர் தம் முகவரியை மறைத்துப் பேச வேண்டிய நிலையும் மாறும்.

இரண்டாவது விடை, பதில்சொல்லும் கடமையைப் பற்றியது. 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம், தொடக்கத்திலிருந்தே களப்பணியைப் பாடத்தின் பிரிக்கவியலாத பகுதியாகக் கொண்டது. 2011இல் தன் பவளவிழாவையொட்டி, தான் அமைந்திருக்கும் எம்-கிழக்கு வார்டிலேயே, நகரின் மிகவும் பின்தங்கிய பகுதிகளுள் ஒன்றில், நீண்டகாலப் பணியொன்றைத் தொடங்கியது. அண்டைவீட்டாராக இருப்பவர் தவறு செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிச் செல்ல முடியாது. நாளையும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். மாணவர் செய்த பணியை அப்பகுதி மக்கள் கேள்வி கேட்கவும், குறைகூறவும், வேண்டாமென்று மறுக்கவும் உரிமை பெற்றிருந்தால், அவர்கள் கருவியாக இல்லாமல் மாணவரின் ஆசிரியராகவும் தேர்வாளராகவும் ஆகிறார்கள். காண்ட் வகுத்த நெறி அப்போது மீறப்படுவதில்லை.

கல்லூரிகளின் கடமை

பிளேட்டோவின் கேள்விக்கு மும்பைத் தமிழரின் அனுபவத்திலிருந்து கிடைக்கும் விடை இவ்வாறு அமைகிறது: மேலாண்மையைக் கற்பிக்கலாம், தலைமையைக் கற்பிக்க இயலாது, ஆனால் அது வளர்வதற்குரிய நிலத்தைப் பண்படுத்தலாம். பிறருக்குப் பதில்சொல்ல வேண்டிய பொறுப்பில், இடித்துரைப்பவரின் அருகில், போதிய காலம் ஒருவரை நிறுத்துவதே அப்பண்படுத்தல்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சமூக ஈடுபாட்டையும் தொண்டையும் இளநிலைப் பட்டப்படிப்பின் மதிப்பலகுக்குரிய பகுதியாக்கப் பரிந்துரைத்திருப்பதால், இதைச் செயலாக்கும் வாய்ப்பு கல்லூரிகளின் கைக்கு வந்திருக்கிறது. ஒருவாரச் சுற்றுலா போன்ற முகாம்களுக்குப் பதிலாக ஒரே தெருவுடன் மூன்றாண்டுத் தொடர்பை அமைப்பது, முதலாண்டு மாணவருக்குத் தலைமைப் பதவி எதுவும் தராமல் அப்பகுதிப் பெரியவர் ஒருவரின்கீழ்ப் பணிபுரியச் செய்வது, களப்பணிக்கான மதிப்பெண்ணில் ஒரு பங்கை அப்பகுதி மக்களே வழங்கச் செய்வது ஆகியவை பெரும் பொருட்செலவின்றிச் செய்யக்கூடியவை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழர் கல்வி, கலை, சமய அமைப்புகளும் தம் விழாக்குழுக்களிலும் நிர்வாகக்குழுக்களிலும் இளைஞருக்கு வரவேற்புப் பணியை மட்டும் ஒதுக்காமல், கணக்கெழுதும் பொறுப்பையும் அக்கணக்கைப் பொதுக்குழுவின்முன் வைத்து விளக்கும் கடமையையும் தர வேண்டும்.

எத்தனை தலைவர்களை உருவாக்கினோம் என்று கல்லூரிகள் தம் ஆண்டறிக்கையில் பெருமையுடன் எழுதுவதுண்டு. அவற்றின் மாணவர் தலைமையேற்ற இடங்களில் எத்தனை பேர் பிறர் தயவின்றித் தாமே நிற்கக் கற்றனர் என்பதும் அவ்வறிக்கையில் எழுதப்பட வேண்டும். அந்தக் கணக்கைத் தர இயலாத எந்தக் கல்வியையும் தலைமைக் கல்வி என்று அழைப்பது தகாது.